நவரத்தினக் கற்கள்: மும்பைத் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜவேரி பஜாரில் கல் பரிசோதிக்கிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து 22 வருடமாகிறது. நகை விற்பது என் தொழிலல்ல. கையில் கொடுக்கிற கல் எது, இயற்கையா, செயற்கையா, என்ன பக்குவம் செய்திருக்கிறார்கள் என்று சொல்வதுதான் வேலை. தமிழ் தெரிந்த ஆள் என்பதால் கேள்விகள் வீட்டுக்கும் வரும். மாட்டுங்கா மாமிகள் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். தாராவியிலிருந்து வரும் அக்காக்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். செம்பூரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். போட்டோவை வைத்துக் கல்லைச் சொல்ல முடியாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வருகிறேன். மற்றதெல்லாம் கீழே இருக்கிறது.

நவரத்தினம் என்றால் ஒன்பதும் வேறு வேறு கல்லா?

பெயர் ஒன்பது, பொருள் ஏழு. மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம். மூன்றுமே அலுமினியம் ஆக்ஸைடு. அது சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலமாகிறது. மஞ்சளுக்குப் பெரும்பாலும் இரும்புதான் காரணம். கடினத்தில் இதற்கு மேல் இருக்கிற இயற்கைக் கல் வைரம் ஒன்றுதான்; மோ அளவுகோலில் வைரம் 10, இது 9. சாணைச் சக்கரத்தில் கத்தி தீட்டுவதற்கும் இதே கனிமத்தின் மட்டமான தூள்தான் பயன்பட்டு வந்தது.

உலகம் முழுக்க இதை ‘கொரண்டம்’ என்கிறார்கள். நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போன பெயர் அது. பரிசோதனைச் சான்றிதழில் அந்த வார்த்தையைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு ஊர்ப்பக்கத்து ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருக்கும்.

மிச்சம் ஆறில் மரகதம் பெரில் வகை, வைடூரியம் கிரைசோபெரில், கோமேதகம் கார்னெட் குடும்பம், வைரம் வெறும் கரி. முத்தும் பவளமும் மண்ணிலிருந்து வந்தவையே அல்ல. கடல் உயிர்கள் உண்டாக்கியவை. முட்டை ஓட்டில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்துதான் இரண்டிலும் இருக்கிறது. அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே கடைகளில் வேறு பெயர் சொல்கிறார்களே, எது எது?

மாணிக்கத்தை மானிக், மரகதத்தைப் பன்னா, முத்தை மோதி, பவளத்தை மூங்கா, வைரத்தை ஹீரா, கோமேதகத்தை கோமேத் என்பார்கள். நீலம் இங்கேயும் நீலம்தான். வைடூரியத்துக்கு லஹ்சுனியா என்று பெயர். பூண்டைக் குறிக்கும் லஹ்சுன் என்ற சொல்லிலிருந்து வந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் புக்ராஜ். அதுதான் நம் புஷ்பராகம். ஆனால் தமிழிலேயே புஷ்பராகம் என்ற பெயர் இரண்டு கல்லுக்கு ஓடுகிறது. ஒன்று மஞ்சள் குருந்தம், அதாவது கனக புஷ்பராகம். இன்னொன்று டோபாஸ். அது தனிக் கனிமம், விலையில் எங்கேயோ கீழே இருக்கிறது; கடினம் 8 இருந்தாலும் ஒரு திசையில் தட்டினால் பிளந்துபோகும். இதோடு சுனேலா என்று மூன்றாவதாக ஒன்று வரும். அது மஞ்சள் படிகக்கல், சிட்ரின். மூன்றும் ஒரே மஞ்சளாக ஒரே தட்டில் கிடக்கும். கடைக்காரர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவசியமில்லை, பெயர் ஒன்றாக இருந்தாலே போதும். அதனால் “இது என்ன கனிமம்?” என்று கேளுங்கள். பெயரைக் கேட்காதீர்கள். பில்லிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

வைடூரியம் பழைய பாட்டிலெல்லாம் வருகிறது. அப்போதும் பூனைக்கண்தானா?

பெரும்பாலும் இல்லை என்பதே ஆராய்ச்சியாளர்கள் சொல்வது. பழைய வைடூரியம் பெரில் வகைக் கல். கொங்கு நாட்டில், காங்கேயம் பக்கம் படியூரில் நீலப் பச்சைப் பெரில் கிடைத்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது கல் பட்டை தீட்டி மணி செய்த இடங்களே வெளிப்பட்டன. அந்த ஊரைக் கொடுமணம் என்று பதிற்றுப்பத்து சொல்கிறது, அங்கே செய்த அரிய அணிகளைப் பாராட்டியே சொல்கிறது. அந்தக் கற்கள் சேர நாட்டுத் துறைகள் வழியாக ரோம் வரை போயின. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கோவை, கரூர் வட்டாரத்தில் இன்றைக்கும் பானை பானையாக அகப்படுகின்றன.

பெயரும் கூடவே போனது. பிராகிருதத்தில் வேளூரியம், கிரேக்கத்தில் பெரிலோஸ், அப்புறம் பெரில். ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு ‘பிரில்லே’ என்று பெயர். தெளிவான கல்லைத் தேய்த்து லென்ஸ் செய்த காலத்தின் மிச்சம் அது. இன்று நாம் வைடூரியம் என்று வாங்குவது கிரைசோபெரில் பூனைக்கண். கடினம் 8.5. உள்ளே நூல் மாதிரி ஒரே திசையில் ஓடும் நுண்ணிய குழல்களில் வெளிச்சம் பட்டு ஒற்றைக் கோடாக நிற்கிறது. படிகக்கல்லிலும் பூனைக்கண் உண்டு, அது மலிவு. விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். நல்ல கிரைசோபெரிலில் கோடு கூர்மையாக இருக்கும். கோட்டுக்கு ஒரு பக்கம் பால் நிறமாகவும் மறுபக்கம் தேன் நிறமாகவும் தெரியும்.

பாட்டியின் ஏழுக்கல் வைரத்தோடு. ‘ப்ளூ ஜாகர்’ என்று சொல்லியே கொடுத்தார்கள். உண்மையா?

இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு மாதம் போனதில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோண்டெய்ன் என்று ஒரு சுரங்கம் இருந்தது. மெல்லிய நீலச்சாயை உள்ள வெள்ளைக் கற்களுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரைச் சுருக்கித்தான் ஜாகர் என்றார்கள். தமிழ்க் குடும்பங்களில் ஏழுக்கல் தோட்டுக்கும் எட்டுக்கல் பேசரிக்கும் அந்த நிறம்தான் வேண்டும் என்று தேடி வாங்கியிருக்கிறார்கள். சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று புதிதாக விற்கும் நகையில் ப்ளூ ஜாகர் என்றால் அது நிறத்துக்குச் சொல்கிற பெயர். எந்தச் சுரங்கத்துக் கல் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

போன வருடம் ஒரு மாமி கொண்டுவந்த தோட்டைச் சொல்கிறேன். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய வேலை. ஏழு கல்லும் ஒரே மாதிரி லேசான நீலம். சுத்தம் செய்யக் கொடுத்தால் கல்லை மாற்றிவிடுவார்கள் என்று அம்பது வருடமாக யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே ஆசாரி பின்தகட்டை நெம்பினார். உள்ளே கறுத்துப்போன அரக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரை காய்ந்த வெள்ளைப் பொருக்கு. கல்லுக்கு அடியில் மெல்லிய வெள்ளித் தகடு. தகட்டை எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, வெள்ளைத் தாளில் முகம் கவிழ்த்து ஏழையும் வரிசையாக வைத்தோம். ஆறு கல்லில் நீலம் அப்படியே போய், மங்கலான மஞ்சள் தெரிந்தது. ஒன்றில் மட்டும் நீலச்சாயை நின்றது. ஆறும் நல்ல வைரம்தான், பழைய கைப்பட்டை, ஒரு குறையும் இல்லை. நீலத்தைக் கொடுத்தது அடியில் வைத்த தகடும் மூடிய கட்டும். கட்டிய ஆசாரி அவ்வளவு தேர்ந்தவர். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “அப்படியே திரும்பக் கட்டச் சொல்லுங்கோ” என்றார். கட்டினோம். அன்றைக்கு அவர் எடுத்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

உங்கள் தோட்டைப் பற்றி அறிய வேண்டுமானால் பின்பக்கத்தைத் திறந்தே பார்க்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது திறக்கச் சொல்லுங்கள். திறப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் பெரிதாகப் படம் எடுத்து வையுங்கள்.

எங்க ஆச்சியோட செவப்புக்கல் கம்மல் மாணிக்கமா, கண்ணாடியா?

பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒன்றாக இருக்கும். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களின் கம்மல்களில் நான் அதிகம் பார்த்தது செயற்கை மாணிக்கம். ஒகுஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஆக்ஸைடு தூளைச் சுவாலையில் உருக்கிச் சொட்டச் சொட்ட வளர்த்து மாணிக்கம் செய்யும் முறையை 1902-ல் வெளியிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கல் ஊரூராக வந்து சேர்ந்தது. பொருளும் கடினமும் நிறமும் மாணிக்கமேதான். பூமிக்குள் விளையவில்லை என்பதுதான் வித்தியாசம். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது திருச்சி வட்டாரத்தில் பல குடும்பங்களின் கைத்தொழிலாகவே இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பாருங்கள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, முனை முனையாக மடங்கும். பட்டு நூல் தூவின மாதிரி மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று அறுபது டிகிரியில் வெட்டிக்கொண்டு கிடக்கும். வெர்னுய் கல்லில் கோடுகள் பழைய இசைத்தட்டின் வரிகள் போல வளைந்திருக்கும், சில சமயம் காற்றுக் குமிழும் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

இப்போது சந்தையில் இருப்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். வெடிப்பு நிறைந்த மட்டக் கல்லுக்குள் கண்ணாடியை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பத்தருடைய ஊதுகுழல் சூடு பட்டாலோ, எலுமிச்சைச் சாறு மாதிரி அமிலம் பட்டாலோ உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். விற்பது தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

ராஜாக்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முகப்பில் இருக்கும் ‘பிளாக் பிரின்ஸ் ரூபி’ மாணிக்கம் அல்ல, ஸ்பினெல் என்ற வேறு கனிமம். முகலாயர்கள் ‘லால்’ என்று சொல்லி ஆசையாகச் சேர்த்த பதக்‌ஷான் கற்களும் ஸ்பினெல்தான். மரகதத்திலும் இதே கதை: பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் மரகதத்தில் செய்தவர் அல்ல.

கல்லுக்குள் புள்ளி, கோடு இருந்தால் தோஷமா?

தோஷம் பார்ப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரை நவமணிக் கடைத்தெருவைச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லி, அவை நீங்கிய வைரம் என்கிறார் இளங்கோவடிகள். இன்றைக்கு வைரத்தின் தெளிவுத் தரம் பிரிக்கிறவர் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: சிறகு மாதிரி வெடிப்பு, கரும்புள்ளி, கோடு. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த ஒரு கண் அந்தத் தெருவில் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். கதையே கல்லை வைத்துத்தான் திரும்புகிறது. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல். உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் உயிர் பிழைத்திருப்பான்.

ஆனால் வைரத்துக்குச் சொன்ன குற்றத்தை மரகதத்திடம் தேடக்கூடாது. உள்ளே பாசி படர்ந்த மாதிரி கோடுகள் இல்லாத மரகதம் அபூர்வம். முழுக்கத் தெளிவான பெரிய மரகதம் மலிவாகக் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். நீலக்கல்லில் தெரியும் பட்டு ஊசிகள் அது அதிகச் சூடு காட்டாத இயற்கைக் கல் என்பதற்குச் சாட்சி. அவை அடர்த்தியாக ஒழுங்காக அமைந்து, கல்லையும் குவிந்த மேல்பரப்பாகத் தேய்த்தால் ஆறு கால் நட்சத்திரம் எழும்பும்.

எந்த ஊர்க் கல் உசத்தி?

மாணிக்கத்துக்குப் பர்மாவின் மோகோக் என்பார்கள். இப்போது ஏராளமாக வருவது மொசாம்பிக்கிலிருந்து. அங்கே மோன்டெபுவேஸில் 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள். மரகதத்துக்குக் கொலம்பியா, அடுத்து ஜாம்பியா. முகலாய நகைகளில் இருக்கும் பெரிய மரகதங்களில் பலவும் ஸ்பானியர்கள் கொலம்பியாவிலிருந்து எடுத்துவந்து கைமாறி இந்தியாவுக்கு வந்தவை. நீலத்துக்குக் காஷ்மீர். 1880-களின் தொடக்கத்தில் பாடர் மலையில் சரிவு ஏற்பட்டு வெளிப்பட்ட கற்கள் அவை; சில வருடங்களிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. “காஷ்மீர் நீலம், சல்லிசாகத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இலங்கை ரத்தினபுரிக் கற்கள் நமக்குக் கைக்கெட்டுபவை. குழி தோண்டி, சரளை மண்ணைக் கூடையில் அலசியே இன்றும் எடுக்கிறார்கள்.

வைரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை உலகுக்கே பெரும்பாலும் நாம்தான். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கங்களின் கற்கள் கோல்கொண்டாச் சந்தையில் விலை போயின. 1720-களில் பிரேசிலில் கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. மத்தியப் பிரதேசத்தில் பன்னாவில் இன்னமும் கொஞ்சம் கிடைக்கிறது.

ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதாக இருந்தால் பெரிய ஆய்வகம் எழுதித் தந்த ஊர்ப் பெயருக்கு மட்டும் கொடுங்கள்.

தூத்துக்குடி முத்து இப்போது வாங்க முடியுமா?

புதிதாக முடியாது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையோரம் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-ல். அதன் பிறகு சிப்பிப் படுகைகள் குளிப்புக்குத் தேறவில்லை. கொற்கைத் துறையிலிருந்து தொடங்கிய ஒரு தொழில், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நடந்து நம் காலத்தில் நின்றுபோனது. பழைய நகையில் இருக்கும் ஊர் முத்தைப் பத்திரமாக வையுங்கள்.

முத்தைப் பார்க்க நம்மவர்கள் வைத்திருந்த சொற்களைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. எத்தனை முத்து என்று எண்ணிக்கை போட்டதோடு நிற்கவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, இரட்டை, குளிர்ந்த நீர் உடையது, சிவந்த நீர் உடையது என்று வகை பிரித்து வெட்டியிருக்கிறார்கள். எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று சொல்கிறார்கள். ‘நீர்’ என்றால் முத்தின் உள்ளொளி. இன்றும் நாம் கல்லுக்கு நீரோட்டம் பார்க்கிறோம். இங்கே காலாபாதேவியில் வயதான முத்து வியாபாரி ஒருவர் சரத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து “பானி தேகோ” என்பார். தண்ணீரைப் பார் என்கிறார். ஆயிரம் வருடம் முந்தைய கல்வெட்டில் இருக்கும் அதே வார்த்தை.

முத்தின் கதையில் மும்பைக்கே பெரிய பங்கு உண்டு. பாரசீக வளைகுடாவில் குளித்த முத்துக்கள், நாம் பஸ்ரா முத்து என்பவை, இங்கேதான் வந்து இறங்கின. அரபு வியாபாரிகள் இங்கேயே தங்கி விற்றார்கள். தரம் பிரிப்பதும் துளையிடுவதும் கோப்பதும் இந்த ஊரில்தான். ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார். 1930-களில் அந்த முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துவர, அந்த வியாபாரம் சரிந்தது.

இன்று கடையில் கிடைப்பது அநேகமாக எல்லாமே வளர்ப்பு முத்து, பெரும்பாலும் சீன நன்னீர்ச் சிப்பியில் விளைந்தது. ஹைதராபாத் முத்து என்று விற்பதிலும் பெரும்பகுதி அப்படித்தான். துளையிடுவதும் கோப்பதும் அங்கே. வளர்ப்பு முத்தும் உண்மையான முத்துதான். பிளாஸ்டிக் மணியிலிருந்து பிரித்தறிய முன்பல்லில் லேசாக உரசிப் பாருங்கள். முத்து நறநறவென்று இருக்கும், போலி வழுக்கும். இயற்கையா வளர்ப்பா என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் நிச்சயமாகும்.

பவளம் வாங்கலாமா? தடை என்கிறார்களே?

நம் கடலில் இருக்கும் பவளப்பாறை உயிர்கள் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். நகையில் இருக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம், மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. இத்தாலியில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊர் இதை அறுத்துத் தீட்டுவதற்குப் பேர்போனது. ரோமானியப் பெண்கள் இந்திய முத்தை எவ்வளவு மதிக்கிறார்களோ, அவ்வளவு இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். சாயம் ஏற்றியது நிறைய வருகிறது. பஞ்சில் நெயில் பாலிஷ் நீக்கும் திரவத்தைத் தொட்டுப் பின்பக்கம் துடைத்தால் பல சாயங்கள் பஞ்சில் ஒட்டும்.

நீலக்கல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாமே? ராசிக்கு எந்தக் கல்?

சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இது மரபு. இதற்குப் பின்னால் அழகான கதைகளும் உண்டு. திருவிளையாடல் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலத்தில் சிவனே கல் வியாபாரியாக மதுரைக்கு வருகிறார். வலன் என்ற அசுரனின் உடல் சிதறி, ரத்தம் மாணிக்கமாகவும் பல் முத்தாகவும் எலும்பு வைரமாகவும் பித்தம் மரகதமாகவும் ஆனது என்ற கதை அங்கே வருகிறது.

கல் கிரகத்தை மாற்றும் என்பதற்கு என் மேஜையில் எந்தச் சோதனையும் கிடையாது. அது நம்பிக்கை, உங்களுடைய நம்பிக்கையில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கல் சொன்னவரே கல்லையும் விற்றால் வாங்காதீர்கள். மகனுக்கு வேலை போய், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டாமல் நிற்கும் வீட்டிலிருந்து ஒரு அம்மா கடன் வாங்கி நீலம் வாங்கிக்கொண்டு வந்தார். பரிசோதித்ததில் அது நீலச் சாயம் ஏற்றிய கண்ணாடி நிரப்பிய கல். அதை அவரிடம் சொன்ன மத்தியானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மரபில் நம்பிக்கை இருப்பவர்கள் சின்னக் கல்லாக, சான்றிதழோடு, கையில் இருக்கும் பணத்துக்கு வாங்கினால் போதும்.

ஆய்வக வைரம் உண்மையான வைரமா? பேனா மாதிரி ஒரு கருவியில் ‘பீப்’ அடித்துக் காட்டினார்கள்.

அதுவும் வைரம்தான், கரிதான், கடினம் 10-தான். இயற்கை வைரம் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும்பாலும் நூறு கோடி வருடங்களுக்கு முன்னால் உருவானது. இது சூரத்தில் ஓர் இயந்திரத்துக்குள் சில வாரங்களில் வளர்ந்தது. அந்தப் பேனா வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடத்தப்படுகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரி அடிக்கும். பல பேனாக்கள் வைரம் மாதிரியே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் அடித்துவிடும். இயற்கையா என்று சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும்.

பிடித்திருந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அழகில் குறைவில்லை. ஆனால் அதன் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பின்னால் விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

22 கேரட் தங்கம், 2 கேரட் கல். இரண்டும் ஒரே கேரட்டா?

இல்லை. தங்கத்தில் கேரட் என்பது 24-ல் எத்தனை பங்கு சுத்தம் என்ற கணக்கு. கல்லில் அது எடை; ஒரு கேரட் 0.2 கிராம். அதில் நூறில் ஒரு பங்கை சென்ட் என்பார்கள். கரோப் மரத்து விதையை எடைக்கல்லாக வைத்திருந்ததால் வந்த பெயர் கேரட். நமக்குக் குன்றிமணியும் மஞ்சாடியும் மாதிரி. இங்கே ரத்தி என்பதும் குன்றிமணிதான், ஆனால் கடைக்குக் கடை ஒரு ரத்திக்கு வேறு வேறு எடை சொல்கிறார்கள். கேரட்டில் கேட்டு, கேரட்டிலேயே பில் வாங்குங்கள்.

ஹால்மார்க் இருக்கிறதே, கல்லுக்கும் அது போதாதா?

ஹால்மார்க்கும் அதோடு வரும் ஆறு எழுத்து எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். இல்லையென்றால் கல்லையும் அரக்கையும் தங்க விலைக்கு வாங்கிவிடுவீர்கள். விற்கும்போது மட்டும் கல்லைக் கழித்துக்கொண்டு எடை போடுவார்கள். சிறுகற்களுக்குச் சான்றிதழ் வாங்குவது வீண் செலவு. ஒற்றைக் கல் பெரிதாக இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். விற்கிற கடை தன் தாளில் அச்சடித்துக் கொடுப்பது சான்றிதழ் ஆகாது.

வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

வைரம், மாணிக்கம், நீலத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பும் பழைய பல் பிரஷும் போதும். கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால் தண்ணீரும் மெத்தென்ற துணியும் மட்டும்.

மரகதத்துக்குச் சூடும் ஆகாது, அதிர்வும் ஆகாது. அதன் வெடிப்புகளில் எண்ணெய் ஊறவைத்துத்தான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அது உலக வழக்கம், ஏமாற்று அல்ல. என் கல்யாண மோதிரத்தை ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். கேட்காமல் அதிர்வுத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது எண்ணெய் வெளியேறி, உள்ளே இருந்த கோடெல்லாம் வெள்ளை வெள்ளையாக எழுந்து நின்றது. மறுபடி எண்ணெய் ஏற்றிப் பாதி மீட்டேன்.

முத்தும் பவளமும் சுண்ணாம்பு என்று முன்னால் சொன்னேனே, அதனால் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் அருகே வரக்கூடாது. மும்பை வேர்வையே அவற்றுக்கு எதிரி. மே மாதம் விரார் லோக்கல் ரயிலில் முத்து மாலையோடு போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்ட் பூசி முடித்த பிறகே மாலையைப் போடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நூல் மாற்றி, ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

மகளுக்கு அரங்கேற்றம். கெம்பு செட்டில் அசல் கல் வேண்டுமா?

வேண்டாம். கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு. கோயில் நகைகளில் பதித்த மாணிக்கத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. மேடைக்கு வேண்டியது பத்தாவது வரிசைக்குத் தெரிகிற சிவப்பு. நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் கட்டி, தங்க முலாம் பூசி, செயற்கைச் சிவப்புக்கல் பதித்துச் செய்கிறார்கள். அந்தக் கைவேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. செம்பில் செய்த மலிவு செட்டைவிட அது பல வருடம் உழைக்கும். நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி எல்லாவற்றையும் மகள் தலையில் வைத்துப் பார்த்து, கனம் சரியா என்று கேட்டு வாங்குங்கள். ஷண்முகானந்தா மேடை விளக்குச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஆடினால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் ஒட்டு இளகும். ஆடி முடித்ததும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடாமல், மின்விசிறிக் காற்றில் முகம் மேலே இருக்கும்படி ஒரு ராத்திரி பரப்பி வையுங்கள். விழுந்த கல் இருந்தால் காலையில் துணியிலேயே கிடைக்கும்.